யார் தயவும் இனித் தேவையில்லை

போன செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா போன் செய்தார். “சார், நீங்க எழுதுனத அப்படியே வெளிநாட்டு லெட்டர்ல போட்டிருக்காவ. வந்து பாருங்க.”

எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? நம் எழுத்தை யாரோ மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்... அதுவும் வெளிநாட்டில்! ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, உப்பலிலிருந்து நாச்சாரத்துக்கு ஸ்கூட்டரில் பறந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஜெசிந்தா யாரென்று சொல்லவில்லையே. தூத்துக்குடிக்காரர், நர்ஸ். என்னைப் போலவே இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்தவர். நாச்சாரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறார். காசநோய் வந்த ஃபேக்டரி ஆட்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. மாத்திரையை அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. ஆனால் விழுங்கினால் குமட்டும், தலை சுற்றும், போதும்டா சாமி என்று ஆகிவிடும். பாதியில் நிறுத்தினாலோ நோய் முன்னைவிட முரடாகத் திரும்பி வரும். அதனால் ஒருவர் எதிரே உட்கார்ந்து, கெஞ்சி, திட்டி, விழுங்க வைக்க வேண்டும். அந்த ஒருவருக்கான சம்பளம்தான் வெளிநாட்டு உதவி.

நான் மாதாப்பூர் கம்பெனி ஒன்றில் இங்கிலீஷ் எழுதிப் பிழைப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுடைய ஆண்டறிக்கையைச் சும்மா எழுதிக் கொடுப்பேன், ஏதோ நம்மால் முடிந்தது என்று.

அந்த அறிக்கையில் எப்போதும் ஒரு கட்டம் இருக்கும். ‘எங்கள் பணம் நின்ற பிறகு இந்தப் பணி எப்படித் தொடரும்?’ இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அதற்கு ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள்: மக்களே எடுத்து நடத்துவார்கள். உண்மையை எழுதினால் அடுத்த வருடம் பணம் வராது. கொடுக்கிறவருக்கு நோயாளி சாகக் கிடக்கவும் வேண்டும், அதே அறிக்கையில் எழுந்து ஓடவும் வேண்டும்.

போன வருடம் அந்தக் கட்டத்தில் நான் எல்லம்மாவை எழுதினேன். பிளாஸ்டிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மருந்துக்கு எளிதில் மசியாத வகைக் காசநோய், அப்போதுதான் சிகிச்சை தொடங்கியிருந்தது. பத்துப் பெண்களைக் கூட்டி, அவர் கையில் ஒரு மாத்திரை சார்ட்டைக் கொடுத்து, போட்டோ எடுத்தோம். டீயும் பிஸ்கட்டும் தீர்ந்ததும் கூட்டமும் கலைந்தது. நான் எழுதினேன்: ‘எல்லம்மா இன்று தம் தெரு நோயாளிகளை வழிநடத்துகிறார். இவர்களுக்கு யார் தயவும் இனித் தேவையில்லை.’

எழுதி முடித்து இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷம் வேறு.

இந்த வருடம் பணக்கார நாட்டுக்காரர்கள் உதவியை வெட்டுகிறார்கள் இல்லையா... எதை வைப்பது, எதை நிறுத்துவது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ‘உங்கள் அறிக்கையே கூறுவதுபோல்’ என்று தொடங்கி, என் கடைசி வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு, வாழ்த்துச் சொல்லி, பணத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

“இது சும்மா எழுதுனதுன்னு பதில் போட்டா?” என்றேன்.

“பொய் சொல்லி வாங்கினோம்னு நாமளே எழுதிக் குடுக்கவா சார்?” என்றார் ஜெசிந்தா.

என் கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். சமூக சேவைக்கு அவர்களிடம் நிதி இருக்கிறது. ஆனால் இந்த வருடத் தீம் மரம் நடுவதாம். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். ‘நாம் வல்லரசு, எவனிடமும் கையேந்த வேண்டாம்’ என்று ஒருவர் பதில் போட்டார். அதற்குப் பதினாலு கைதட்டல். எல்லம்மாவுக்கு மாத்திரை கொடுக்க ஒரு கைகூட வரவில்லை.

சனிக்கிழமை ஜெசிந்தாவுடன் எல்லம்மா வீட்டுக்குப் போனேன். மாத இறுதியோடு ஜெசிந்தாவுக்கு வேலை இல்லை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டிருக்கிறது, போகிறார். அதைச் சொல்லத்தான் போனோம். சிகிச்சை முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

எல்லம்மா பாதியாக இளைத்திருந்தார். “நீங்க வராட்டி நான் முழுங்க மாட்டேன்” என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பும் போய்விட்டது. முன்பு ஒரு தடவை இவர் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது எல்லம்மா உண்மையாகவே நிறுத்தியிருக்கிறார்.

சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், என் அறிக்கையின் அந்தப் பக்கம். ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார். சார்ட்டும் கையுமாக எல்லம்மா, கீழே என் இங்கிலீஷ்.

“இந்துலோ ஏமுந்தி சார்?” அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இத்தனை நாளாக யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை.

சொன்னேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில், தட்டுத் தடுமாறி, ‘யார் தயவும் இனித் தேவையில்லை’ வரைக்கும்.

எல்லம்மா போட்டோவைக் கிட்டப் போய்ப் பார்த்தார். இருமல் வந்தது, அடங்குகிறவரை காத்திருந்தார். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே. யார் எழுதினது இதை?”

ஜெசிந்தா தரையைப் பார்த்தார்.

“ஆபீஸ்ல யாரோ” என்றேன்.