பங்குக் கிணற்றில் எடுத்த படம்

கிணற்றடியில் அன்று நான்கு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான். இருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒருவன் என்னோடு முக்குளிக்க வருவதாகச் சொல்லியிருந்த கோயமுத்தூர் நண்பன். காலையில் காய்ச்சல் என்று ஃபோன் செய்துவிட்டான். இன்னொருவர் அந்தக் கிணற்றில் பாதிக்குச் சொந்தக்காரரான பெரியப்பா. மாடு பார்க்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அப்பா என்னை வரச் சொல்லியிருந்தார்.

தாராபுரத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். கிணறு ஒன்று, மோட்டார் இரண்டு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் பெரியப்பா முறை. கிணற்றின் பாறைச் சுவரில் உளியால் செதுக்கிய கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே யாருடைய மோட்டாரும் தொங்கக் கூடாது என்பது பாகம் பிரித்தபோது பேசிய பேச்சு. இரண்டு கோடையாக எங்கள் குழாயில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. பெரியப்பா குழாயில் குறையவில்லை. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"அண்ணன் மோட்டாரு கோட்டுக்குக் கீழ கெடக்குது கண்ணு. இல்லாட்டி அவுரு பைப்புல கொட்டுகொட்டுனு கொட்டற தண்ணி நம்ம பைப்புல மட்டும் ஏன் நூலாட்ட வருது?" என்றார் அப்பா. "மேல இருந்து பாத்தா ஒண்ணுந் தெரியாது. அவுரு மோட்டார நாம தூக்கவும் முடியாது. நீ உள்ள போயி ஒரே ஒரு போட்டோ புடிச்சுட்டு வந்துரு. நாஞ் சொன்னா ஊர்ல எவன் நம்பறான்? நீ படிச்சவன்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் குளம் ஒன்றில், சிலிண்டர் மாட்டி முக்குளிக்கும் ஸ்கூபா பழக வருகிறவர்களைத் தண்ணீருக்கு அடியில் படம் எடுத்துக் கொடுக்கிறேன். கடலிலும் பதினொரு முறை இறங்கியிருக்கிறேன், எப்போதும் துணையோடு. தனியாக இறங்கக் கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித் தருவது. அதை அப்பாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

எனக்குப் பயம் தண்ணீரைப் பற்றியல்ல. பெரியப்பாவின் மோட்டாரைச் செல்ஃபோனிலிருந்தே ஓடவிடலாம். சந்தையில் நின்றுகொண்டு அவர் ஒரு நம்பரை அழுத்தினால் போதும். நான் அதன் வாயருகில் இருக்கும்போது ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்; என் வேலையே அதுதான்.

"பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லீரலாம்ப்பா. ஒரு மணி நேரம் போடாதீங்கன்னு."

"சொன்னா எதுக்குன்னு கேப்பாரு. நானென்ன சொல்லட்டும்? இன்னிக்கு நம்ம மொறை, அவுரு போட மாட்டாரு. கரண்டே பதினொண்ணுக்குத்தான் வரும்."

"அப்ப அவரு பியூஸையாவது புடுங்கிப்போடலாம்."

"ரூமப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

"நம்ம மோட்டாரு?"

"அத நா அப்பவே ஆஃப் பண்ணிப்போட்டேன் மாப்ள," என்றார் மாமா. "செவப்புப் பட்டன ஒண்ணுக்கு ரெண்டு தடவ அமுக்கியாச்சு."

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இருக்கறது ஒரே பையனுங்க," என்றாள். அப்பா சிலிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு காலில் துடுப்புகளைப் போட்டதும் மாமாதான் சூழ்நிலையை மாற்றப் பார்த்தார். "பொண்ணு பாக்கப் போறப்ப இதே வேசத்துல போயிரு மாப்ள. தவக்களைக்குப் பொண்ணில்லைன்னு சுருக்கா முடிச்சுப்போடுவாங்க." அவரே கொஞ்சம் சிரித்துவிட்டுச் சிலிண்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார்.

பத்து மணி இருக்கும். படிக்கற்களில் இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தபோது மேலே வானம் ஒரு சதுரமாகத் தெரிந்தது. சதுரத்தின் ஓரத்தில் மூன்று தலைகள்.

முதல் பத்தடி வெதுவெதுப்பு. அதற்குக் கீழே திடீரென்று குளிர். கடலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளி இருக்கும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. பச்சைத் தண்ணீரில், கேமராவில் பூட்டிய விளக்கின் வெளிச்சம் ஒரு கை நீளத்துக்கு மேல் போகவில்லை. என் மூச்சின் சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது போலிருந்தது. பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

முப்பத்தைந்தடியில் கோடு கிடைத்தது. பாசியைத் துடைத்துவிட்டு அதைப் பிடித்தபடியே பெரியப்பா குழாயை நோக்கி நகர்ந்தேன். விளக்கை மேலும் கீழும் அடித்துப் பார்த்தேன். அவர் மோட்டார் கோட்டுக்கு மேலேதான் தொங்கியது. ஒரு முழம் மேலே.

பயத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது. கோடும் மோட்டாரும் ஒரே படத்தில் வரும்படி ஆறு படங்கள் எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் காது அந்த இரும்பின் மேலேயே இருந்தது. சின்னதாக ஒரு உறுமல் கேட்டாலும் காலை உதைத்துப் பின்னால் போய்விட வேண்டும் என்று முழங்காலை மடக்கியே வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து விலகியதும்தான் உடம்பு தளர்ந்தது.

எதிர்ச் சுவரில் எங்கள் மோட்டார். அதன் சல்லடையை உரச்சாக்கு ஒன்று வாழைப்பட்டை மாதிரி சுற்றிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் குறைந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். அதையும் ஒரு படம் எடுத்தேன். பிறகு, இதை உருவிப் போட்டுவிட்டுப் போனால் அப்பாவுக்கு நிம்மதி என்று நினைத்து, சாக்கின் முனையைப் பிடித்து இழுத்தேன். கேமராவின் வார் என் மணிக்கட்டில் இருந்தது.

மோட்டார் ஒரு உதறு உதறிக்கொண்டு ஓடியது.

குழாய் என் தோளில் இடித்தது. சாக்கு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அதோடு சேர்ந்து வாரும் போனது. மணிக்கட்டு சல்லடையோடு ஒட்டிக்கொண்டது. சுவரிலிருந்த சேறெல்லாம் கிளம்பி விளக்கு வெளிச்சமும் போய்விட்டது. கம்பியில் கரண்ட் எங்காவது கசிந்திருந்தால் இப்போதே செத்திருப்பேன், சாகவில்லை, அப்படியானால் கசியவில்லை என்று மனசு கம்பெனிக் கணக்குப் போட்டது. காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க சிலிண்டரின் முள்காட்டியை முகக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தேன், தெரியவில்லை. மூச்சு நாய் இரைப்பது போல ஓடியது. மெதுவாக விடு, மெதுவாக விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சொல்லும் அம்மா குரலில்தான் கேட்டது. இடது கையால் வாரின் கொக்கியைத் தேடினேன். இறுக்கத்தில் அது அசையவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மோட்டார் நின்றது. வார் தளர்ந்தது. கொக்கி கழன்றது. கேமராவை விட்டுவிட்டு மேலே பார்த்துக் காலை உதைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும் என்பது நினைவிருந்ததால் வழியெல்லாம் ஊதிக்கொண்டே போனேன்.

மாமா சிவப்புப் பொத்தானை அமுக்கியது உண்மைதான். ஓடும் மோட்டாரை நிறுத்துவது அந்தப் பொத்தான். நின்றிருந்த மோட்டாருக்கு அது ஒன்றும் செய்யாது. எங்கள் முறை நாள் என்பதால், கரண்ட் வந்ததும் தானே ஓடும்படி ஆட்டோ சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் அன்று முன்னாலேயே வந்துவிட்டது. நாலு பேரும் பெரியப்பாவின் பூட்டிய ரூமையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் ரூமுக்குள் போய் மெயினை இறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மோட்டார் கம்பெனியில் சம்பளம் வாங்கும் எனக்கும் தோன்றவில்லை. வாய்க்காலில் தண்ணீர் விழுவதை முதலில் பார்த்தவள் அம்மா. சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போய் மெயினை இறக்கியதும் அவள்தான்.

நான் மேலே ஏறி வந்ததும் அப்பா ஓடி வந்தார். மணிக்கட்டின் வீக்கத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "படம்?" என்றார்.

"படம் கேமராவோட உள்ளயே போயிருச்சுப்பா. ஆனா நா கண்ணால பாத்தேன். பெரியப்பா மோட்டாரு கோட்டுக்கு மேலதான் இருக்குது."

நான் படித்தவன் என்பதால் ஊர் நம்பும் என்று சொன்னவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

சிக்கிய சாக்கை எடுக்க எங்கள் மோட்டாரை மேலே தூக்காமல் வேறு வழியில்லை. பங்குக் கிணற்றில் கப்பி கட்ட இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். அன்று சாயங்காலம், இரண்டு வருடங்களுக்குப் பிறகு, அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். நடந்ததை நான்தான் சொன்னேன். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

"ஏஞ்சாமி," என்றார் என்னிடம். "கேட்டிருந்தா ரூம் சாவியவே கைல குடுத்திருப்பனேடா."

மறுநாள் விடிந்ததும் கயிற்றோடு வந்து நின்றார்.

மோட்டார் மேலே வந்தபோது, சாக்கோடு முறுக்கிக்கொண்டு வார் சல்லடைக்குள் பாதி நுழைந்திருந்தது. அதில் தொங்கியபடியே கேமராவும் வந்தது. பாறையில் அடிபட்டு அதன் கூடு உடைந்து உள்ளே தண்ணீர். மெமரி கார்டில் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருளான காயில் கருகியிருந்தது.

கேமரா, கூடு, விளக்கு, மோட்டாருக்கு மறுபடி காயில் கட்டியது, கப்பி, ஆள் கூலி, என் மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே, எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.