பெயருக்கு விட்ட இடம்

உங்கள் மேல் ஒரு குற்றப்பத்திரிகை இந்நேரம் தயாராகிவிட்டது, பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாகக் காத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். ஒழுங்காக வேலைக்குப் போய், ஒழுங்காக வரி கட்டி, வரிசையில் நின்று பஸ் ஏறுகிற உங்கள் மேல் யாருக்கு என்ன கோபம்? அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அந்த இடத்தைக் காலியாக விடுகிறவரே அவர்தான்.

அரசு வழக்குத் துறையின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரத்து இரும்பு மேசையில் வரைவு எழுத்தர். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்று பென்சில்களைச் சீவுகிறார். சீவலை ஒரு பழைய உறைக்குள் போட்டு மடிக்கிறார். வெள்ளை ரப்பரைக் கைக்குட்டையால் துடைத்து, குழந்தையைக் கிடத்துவது போல வலது பக்கம் கிடத்துகிறார். இந்த ரப்பரினால்தான் துறை முழுவதும் அவருக்கு 'ரப்பர்' என்று பெயர். பியூன் கூட 'ரப்பர் ஐயா' என்றுதான் கூப்பிடுகிறார். அவர் கோபித்துக்கொள்வதில்லை. "பட்டம் கெடைக்கிறதே பெருசு சார், எல்லாருக்குமா கெடைக்குது?" என்பார்.

ஆயத்த ஆடைக் கடைக்காரரைப் போல அவரிடம் மூன்று அளவுகளில் குற்றம் உண்டு. சின்ன அளவு, பொது அமைதிக்குக் குந்தகம். நடுத்தரம், பொதுக் கூட்டத்தில் கலவரம் மூட்டிப் பணிகளைத் தடுத்தல். பெரியது, அரசைக் கவிழ்க்கச் சதி. இடம், சாட்சி, சூழ்நிலை எல்லாம் அச்சாகிவிடும். 'எதிரியின் பெயர்' என்ற இடத்தில் மட்டும் மூன்று அங்குலக் கோடு. மேலேயிருந்து சீட்டு வந்ததும், முத்துமுத்தான தன் கையெழுத்தில் மசியால் அதை நிரப்புவார்.

"குற்றம் ரெடியா இருக்கணும் சார். ஆளு எப்ப வேணா வருவாங்க."

போன ஆட்சியில் யார் பெயரை எழுத வேண்டும் என்று தொலைபேசியில் சொன்ன மந்திரியின் பெயரையே இந்த ஆட்சியில் எழுதியிருக்கிறார். அதே தாள், அதே நடுத்தர அளவு. "எனக்கு யாரும் வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல. யாரா இருந்தாலும் மூணு அங்குலம். அந்த மந்திரிக்கு நாலு அங்குலமா விட்டேன்? இல்லியே!" என்று நெஞ்சை நிமிர்த்துவார். நடுநிலைமை என்றால் என்ன என்று அகராதி போடுகிறவர்கள் ஒருமுறை மூன்றாம் மாடிக்கு வந்து போகலாம்.

கைப்பற்றப்பட்ட பொருள்கள் பட்டியலில் 'கைப்பிடி உடைந்த கறுப்புக் குடை ஒன்று' என்பது கட்டாயம் இருக்கும். எப்போதோ ஒரு வழக்கில் உண்மையாகவே கைப்பற்றியது. அந்தப் பத்திரிகையை மாதிரியாக வைத்து அடுத்ததை அச்சடிக்க, அதை வைத்து அதற்கடுத்தது. இதுவரை பதினேழு பேரிடமிருந்து அந்த ஒரே குடையைக் கைப்பற்றியிருக்கிறார்கள். ஒரு நீதிபதியும் கேட்டதில்லை. மழை பிடித்துக்கொண்டால் எழுத்தரே அதை எடுத்து விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காய வைத்து, சாட்சியத்தைச் சாட்சிய அறையில் சேர்த்துவிடுவார். நாணயஸ்தர்.

இன்னொரு பழக்கம். ஒவ்வொரு வரைவிலும் கடைசிப் பக்கத்தின் இடது கீழ் மூலையில், எறும்பு அளவு எழுத்தில், அதைத் தயாரித்த தேதியைப் பென்சிலால் குறித்துவைப்பார். "எது பழசு, எது புதுசுன்னு தெரிய வேணாமா?" நீதிமன்றத்துக்கு அனுப்பும் நாளில் ரப்பரால் அதை அழித்து, மூன்று முறை ஊதி, துகள் போய்விட்டதா என்று சாய்த்துப் பார்ப்பார். அழிக்காமல் விட்டால் சங்கடம். குற்றத்துக்கு முன்பே குற்றப்பத்திரிகை பிறந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துபோகும். முப்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் மறந்ததில்லை.

இதைச் சதி என்று சொல்லாதீர்கள். சதிக்கு மூளை வேண்டும். இதற்கு மூன்று அங்குலம் போதும். விதி என்றும் சொல்லாதீர்கள். இந்த விதியை எழுதுகிறவருக்குப் பதினோரு மணிக்கு டீ வருகிறது, சர்க்கரை குறைவாக.

போன மாதம் நாலாம் தேதி டீயோடு பிரிவு அதிகாரியும் வந்தார்.

"ரப்பர், மீடியம் சைஸ்ல ஒண்ணு போடுங்க. சம்பவம் வர்ற பதினொண்ணாம் தேதி. குடிநீர் விசாரணைக் கூட்டம். ஒரு அரசு ஊழியர் எந்திரிச்சுக் கத்தறாங்க, நாற்காலிய எடுத்து வீசறாங்க, ஜனங்களத் தூண்டி விடறாங்க."

"ஆணா, பொண்ணா சார்?"

"இன்னும் முடிவாகல. பொதுவா எழுதிடுங்க."

'மேற்படி நபர் உரத்த குரலில் கூச்சலிட்டும், நாற்காலியைத் தூக்கி வீசியும்' என்று எழுதினார். மூன்று பிரதி எடுத்தார். மூன்றின் மூலையிலும் தேதி குறித்தார்: நான்கு.

பன்னிரண்டாம் தேதி பெயர்ச் சீட்டு வந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். அமைச்சர் ஆரவாரமாகத் திறந்துவைத்த புதிய சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரில் காரீயம் கலந்திருக்கிறது என்று முந்தின நாள் கூட்டத்தில் அறிக்கை கொடுத்தவள். நாலெழுத்துப் பெயர். எழுத்தருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அவருடைய அக்காவுக்குப் பெண் பிறந்தபோது முப்பத்தேழு பெயர்களைப் பென்சிலால் எழுதி, முப்பத்தாறை ரப்பரால் அழித்து, மிச்சம் வைத்த பெயர் அது.

"சார், இந்தப் பொண்ணு..."

"தெரிஞ்ச பொண்ணா?"

எழுத்தர் பென்சிலை நேராக்கி வைத்தார். "கேள்விப்பட்ட பேரு மாதிரி இருக்கு சார்."

"நல்லதாப் போச்சு, தப்பில்லாம எழுதுவீங்க."

எழுதினார். எழுத்து எப்போதும் போல முத்துமுத்தாகவே விழுந்தது. வழக்கு நிரூபணமானால் இரண்டு வருடம் சிறை, வேலையும் போகும். அவருக்கு அது தெரியாதா? அந்தப் பத்தியையும் அவர்தானே அச்சடித்தார்.

அவருக்கு இன்னொன்றும் தெரியும். எட்டாம் தேதி முதல் அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிக் கிடந்தது. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒன்பதாம் தேதி கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து, கேட்டதற்கெல்லாம் துண்டுக் காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தாள். "அப்பாடா, இன்னிக்காவது இந்த வீட்ல நான் பேசறது கேக்குது" என்று எழுத்தரின் மனைவி கிண்டலடித்தாள். பதினொன்றாம் தேதி கூட்டத்திலும் அவள் அறிக்கையை நீட்டினாள். வேறொருவர்தான் வாங்கிப் படித்தார்.

பதின்மூன்றாம் தேதி மாலை மறுபடி வந்தாள். பரிசோதனைக் கூடத்துக்குப் போலீஸ்காரர் வந்து குற்றப்பத்திரிகையைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். குரல் இன்னும் திரும்பவில்லை, காற்றுதான் வந்தது. அவள் பேச, மாமாவும் அத்தையும் காதை நீட்டிக் குனிய வேண்டியிருந்தது.

"நான் கத்தினேனாம் மாமா."

எழுத்தர் தரையைப் பார்த்தார்.

"நாற்காலிய வேற தூக்கி வீசினேனாம். அது தரையோட போல்ட்டு போட்டு முறுக்கின நாற்காலி. பத்து பேரு சேந்தாலும் அசையாது."

"எந்தப் பாவி எழுதினான் இப்படி?" என்று அத்தை கொதித்தாள். "அவன் கையில புத்து வைக்க!"

"எழுதறவங்கள எதுக்குத் திட்டற?" என்றார் எழுத்தர். "மேல சொல்றதத்தான் அவங்க எழுதுவாங்க."

சொன்ன பிறகுதான் மனைவி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். தான் பேசுவது இந்த வீட்டில் கேட்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டது நாலு நாளுக்கு முந்தி.

"உங்க எழுத்து எனக்குத் தெரியாதா மாமா? அஞ்சாவது வரைக்கும் என் நோட்டு அட்டையில பேரு எழுதினதே நீங்கதான."

"பேரு மட்டும்தாம்மா நான் எழுதினது. மத்ததெல்லாம் முன்னாடியே... அது பொதுவா எழுதினது. யாருக்கு வேணாலும் பொருந்தும்."

"ஆமா மாமா," என்றாள் அந்தக் காற்றுக் குரலில். "யாருக்கு வேணாலும் பொருந்தும்." கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் கோப்பு நீதிமன்றம் போக வேண்டும். எழுத்தர் வழக்கம் போலப் பென்சில் சீவினார். சீவலை உறையில் போட்டார். மூன்று பிரதிகளையும் வரிசையாக அடுக்கினார். பிரிவு அதிகாரி பேனாவைத் திறந்தபடி மேசையருகே வந்து நின்றார்.

"மூலையெல்லாம் அழிச்சாச்சா?"

"இதோ சார்."

அலுவலகப் பிரதியை எடுத்தார். இடது மூலையை ரப்பரால் தேய்த்தார். மூன்று முறை ஊதினார். எதிரிக்குத் தரும் பிரதியை எடுத்தார். தேய்த்தார், ஊதினார். கடைசியாக நீதிமன்றப் பிரதி. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுத்தர் இடது உள்ளங்கையை மூலையின் மேல் வைத்து மறைத்துக்கொண்டார். ரப்பர் வலது பக்கத்தில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு குனிந்து, ஒரு துகள் கூட இல்லாத அந்தத் தாளின் மேல், மூன்று முறை ஊதினார்.

அதிகாரிக்கு ஊதுகிற சத்தம் போதும். கையெழுத்துப் போட்டார். மாலை நாலு மணிக்கு நீதிமன்றப் பதிவாளர் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, கட்டி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இனி எந்த ரப்பரும் அங்கே போகாது.

வழக்கு வருகிற செவ்வாய்க்கிழமை, இரண்டாம் எண் அறையில், காலை பத்தரைக்கு. பொதுமக்கள் உள்ளே போய் உட்காரத் தடையில்லை. போங்கள். அவளுடைய வக்கீல் எழுந்ததும், கடைசிப் பக்கத்தின் இடது மூலையை நீதிபதி பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள்.