சாலையில் உப்பு இருக்கும்வரை

வயண்டாட் ஊரில் லெஸ்டர் குஜாவாவை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவருடைய சமையலறை அடுப்பைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. மற்ற வீடுகளில் ரொட்டி வேகும் இடத்தில் லெஸ்டர் இஞ்சின் பாகங்களை வேகவைத்தார். பெயிண்ட் அடித்த இரும்பைச் சுட்டெடுத்தால்தான் பூச்சு உயிருள்ளவரை நிற்கும் என்பது அவர் சித்தாந்தம். நன்றி சொல்லும் பண்டிகையன்று வான்கோழியை வைக்க அடுப்புக் கதவைத் திறந்த மனைவி கரோல், உள்ளே ஒரு வாட்டர் பம்ப் புது மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

"இன்னும் அரை மணி நேரம் பொறுத்துக்க," என்றார் லெஸ்டர்.

அந்த அரை மணி நேரம் பெட்டி கட்ட அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வேகாத வான்கோழியை மடியில் வைத்துக்கொண்டுதான் அக்கா வீட்டுக்குப் போனாள் என்று ஊரில் ஒரு வரி சேர்த்துச் சொல்வார்கள். சேர்த்தது பொய்யாக இருக்கலாம். அவள் திரும்பி வராதது நிஜம்.

எல்லாம் ஒரு காருக்காக. அதுவும் அவருடைய கார் இல்லை, அண்ணன் ஜீனுடையது. வியட்நாமிலிருந்து திரும்பிய கையோடு ஜீன் வாங்கிய அறுபத்தெட்டாம் வருடத்துப் பச்சை பாண்டியாக். இஞ்சினைக் கிளப்பினால் தெருவில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நோரீன் வாசலுக்கு வந்தாள், பிறகு ஜீனுக்கு மனைவியாகவும் வந்தாள். குழந்தைகள், வீட்டுக்கடன், இரவு ஷிஃப்ட் என்று வாழ்க்கை நகர்ந்ததில் வண்டி கொட்டகைக்குப் போயிற்று. சீட்டுக்குள் எலி குட்டி போட்டது. தரைத்தகடு துருவேறி, மேலேயிருந்து பார்த்தால் மண் தெரிந்தது.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லெஸ்டர்தான் வலியக் கேட்டார். "எங்கிட்ட விடு ஜீன். அன்னைக்கு ஃபேக்டரி வாசல்ல இறங்கின மாதிரி ஆக்கித் தர்றேன்."

"அவ்வளவெல்லாம் வேணாம்டா. ஓடினாப் போதும். நோரீனைப் பக்கத்துல உக்கார வச்சு ஆத்தோரமா ஒரு தடவை போயிட்டு வரணும். அவ்வளவுதான் எனக்கு."

லெஸ்டருக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. வண்டியைத் தன் வீட்டு கராஜுக்கு இழுத்துவந்து, கடைசி போல்ட் வரை கழற்றினார். ஒரு ஸ்க்ரூ கிடைக்கவில்லை என்றால் அந்த வருடத்து ஸ்க்ரூவே வேண்டும் என்று பக்கத்து மாநிலமான ஒஹையோ வரை போய்த் தேடினார். தொழிற்சாலையில் பெயிண்ட் வழிந்திருந்த இடத்தில் தானும் வழியவிட்டார். பரிசோதகர் மெழுகுச் சாக்கட்டியால் அவசரமாகக் கிறுக்கிய குறியை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே அவசரத்தோடு கிறுக்கினார்.

பௌலிங் கூடத்தில் கூடவே பந்து உருட்டும் கூட்டாளி ஸ்டான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அந்தக் காலத்துல வெள்ளிக்கிழமை மத்தியானம் எவனோ குடிச்சிட்டுப் பண்ண தப்பை, நீ குடிக்காம உக்காந்து பண்ணிட்டிருக்கே."

"ஜட்ஜுங்க அதைத்தான் பாப்பாங்க," என்றார் லெஸ்டர். ஜூன் மாதம் பழைய கார்களுக்கான போட்டி. அதில் தங்கம் வாங்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது உள்ளே புகுந்தது என்று அவருக்கே தெரியாது. கறையான் புகுந்த நாளை எந்த மரம் சொல்லும்?

வண்டி முடிந்த அதே நவம்பரில் ஜீனின் நுரையீரலில் புற்று என்றார்கள். வசந்தம் வரை இருந்தால் பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

அந்த வாரமே பனி கொட்டியது. பின்னாலேயே, பனி உருகச் சாலையெங்கும் உப்புத் தூவிக்கொண்டு உப்பு லாரி வந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. உப்பு லாரி ஒருமுறை போய்விட்டால், இப்படி இழைத்து இழைத்துச் செய்த வண்டி மூக்கை வெளியே நீட்டாது. வசந்தத்தில் நல்ல மழை பெய்து சாலையைக் கழுவிவிடும்வரை கராஜ் கதவு திறக்காது. நோன்பைக்கூட மீறுவார்கள், இதை மீறமாட்டார்கள். துருவோடு வளர்ந்த ஜனங்கள். அப்பன் வண்டி கண்ணெதிரில் உப்புத் தின்று உதிர்ந்ததைப் பார்த்தவர்கள்.

ஜனவரியில் நோரீன் வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"லெஸ், அவரு கேக்க மாட்டாரு, அதான் நான் வந்தேன். பத்து நிமிஷம். ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம்."

"ரோடெல்லாம் உப்பு, நோரீன்."

"எனக்குத் தெரியாதா? நடந்துதானே வந்தேன்."

"அடியில ஒரு பொட்டு பட்டாலும் போச்சு. ஜூன் வரைக்கும்..."

"ஜூன்ல அவர் இருக்க மாட்டாரு."

லெஸ்டர் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "ஜீன்கிட்டயே கேளு. அவனும் எடுக்காதேன்னுதான் சொல்வான்."

கேட்டாள். லெஸ்டர் சொன்னபடியேதான் ஆயிற்று. ஜீன் ஆக்ஸிஜன் குழாய்க்கு நடுவே இருமிக்கொண்டே, "அவன் சொல்றது நியாயம்தான்மா. உப்புல எடுக்கக்கூடாது," என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலைப் பார்த்தது நோரீன் மட்டும். லெஸ்டருக்கு வாக்கியம் மட்டும் போய்ச் சேர்ந்தது. அதை அவர் பௌலிங் கூடத்தில் சான்றிதழ்போல் காட்டினார். கூட்டாளிகள் தலையாட்டினார்கள். ஸ்டான்கூட.

பிப்ரவரியில், உட்கார்ந்தாவது பார்க்கிறேன் என்று ஜீன் வந்தார். கராஜ் கதவு மூடியே இருந்தது. லெஸ்டர் ஓட்டுநர் சீட்டில் குளியலறைத் திரையை விரித்து வைத்திருந்தார்.

"ஷூவைக் கழட்டிடு, ஜீன். கார்ப்பெட் புதுசு."

"சர்ச்லகூட என்னைக் கழட்டச் சொன்னதில்லடா."

"சர்ச் கார்ப்பெட் ஒரிஜினல் இல்லையே."

ஜீன் சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது. சாக்ஸ் காலோடு ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் கீழே சரசரத்தது. "ஒரு தடவை கிளப்பட்டுமா? சத்தம் மட்டும் கேட்டுக்கறேன்."

"எக்ஸாஸ்ட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கேன். சூடானா நிறம் மாறிடும். இவ்வளவு நாள் பொறுத்தே..."

"சரி சரி. சும்மாதான் கேட்டேன்." ஜீன் உதட்டைக் குவித்து, சின்னப் பையன்கள் செய்வதுபோல் இஞ்சின் சத்தத்தைத் தானே எழுப்பினார். இரண்டாவது கியருக்கு மூச்சு வரவில்லை. குனிந்து இருமியதில் எச்சிலும் இரத்தமும் கலந்து டாஷ்போர்டில் தெறித்தது.

லெஸ்டர் பாய்ந்தார். துணி முதலில் டாஷ்போர்டுக்குப் போயிற்று.

"தொடைடா," என்றார் ஜீன், மூச்சு வாங்கியபடி. "காஞ்சா கறை பிடிச்சுக்கும்." அதில் குத்தல் இல்லை. அந்த வண்டியைப் பற்றி அவருக்கும் கவலைதான்.

மார்ச் மத்தியில் குளிர் விட்டது. இரண்டு நாள் மழை கொட்டித் தீர்த்தது. மூன்றாம் நாள் வெயில். காலையிலேயே நோரீன் போன் செய்தாள்.

"ரோடு கழுவிட்டுப் போயிடுச்சு, லெஸ். அவரு எந்திரிச்சுட்டாரு. தொப்பி போட்டுட்டு வாசல்ல நாற்காலியில உக்காந்திருக்காரு. வா."

லெஸ்டர் வெளியே வந்தார். சாலை கறுப்பாக, ஈரமாக, சுத்தமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டில் ஒருவன் கராஜைத் திறந்து வைத்திருந்தான். லெஸ்டர் ஓரமாக மண்டியிட்டு, நடைபாதைக் கல்லோடு சேரும் இடத்தில் விரலால் வழித்து நாக்கில் வைத்தார். ஆழத்தில், கண்ணீரில் இருப்பது போன்ற ஒரு கரிப்பு. இருந்ததா, நினைப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை. மறுபடி வழித்து நக்கினார்.

போனை எடுத்தார். "இன்னும் ஒரு மழை வேணும், நோரீன்."

 மறுமுனையில், தூரத்தில், ஜீனின் குரல்: "என்னவாம்?" நோரீன் அவருக்குச் சொன்ன பதில்தான் லெஸ்டரை வாழ்நாள் முழுக்கக் குடைந்திருக்க வேண்டும். அவள் சொன்னாள்: "கிளம்பிட்டானாம். வந்துட்டே இருக்கானாம்."

ஜீன் வெயில் இறங்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்தன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடைக்குக் கீழே நின்ற லெஸ்டரின் துக்கம் பொய்யில்லை. அந்தத் துக்கத்துக்குள்ளிருந்தே வாய் நழுவியது: "நல்ல மழை. இனிமே எடுக்கலாம்."

பக்கத்தில் நின்ற நோரீன் திரும்பிப் பார்க்கவில்லை. "எடுத்துடறேன்," என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை சாவியைக் கேட்டு வந்து நின்றாள். ஜூன் வரை விட்டு வைக்கச் சொல்லி லெஸ்டர் கெஞ்சினார்.

"வண்டி யாரோடது, லெஸ்?"

அதற்குப் பதில் ஊருக்கே தெரியும்.

"அப்ப நான் பண்ண வேலை?"

"ரொம்ப அழகாப் பண்ணியிருக்கே," என்றாள் நோரீன், கிளப்பிக்கொண்டே. ஜன்னல்கள் அதிர்ந்தன. எக்ஸாஸ்ட் நிறம் மாறும் வாடை கராஜில் நிறைந்தது. ஷூவைக் கழற்றாமல்தான் ஏறியிருந்தாள்.

கோடையில் அவள் அதை வெளியே காட்டவே இல்லை. நவம்பரில் முதல் உப்பு லாரி போன மறுநாள் எடுத்தாள். பிறகு தினமும் எடுத்தாள். மளிகைக்கு, தபாலாபீஸுக்கு, ஒன்றுமே இல்லாமல் சும்மாவும். போகிற வழி எதுவானாலும் லெஸ்டர் வீட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகும். பச்சை வண்டியின் இடுப்புவரை வெள்ளை உப்பு பூத்திருக்கும். வருத்தமாக இருக்கிறது என்று ஸ்டான் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "எனக்கும்தான்," என்றாள் நோரீன்.

ஜனவரியில் ஒரு நாள் அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்தி ஹாரன் அடித்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"வர்றியா லெஸ்? ஆத்தோரமா ஒரு ரவுண்டு. சீட்டு காலியாத்தான் இருக்கு."

பின்சக்கர வளைவில் பெயிண்டுக்குக் கீழே அரிசி அளவுக்கு ஒரு கொப்புளம் கிளம்பியிருப்பது அவ்வளவு தூரத்திலிருந்தும் அவருக்குத் தெரிந்தது. "இரு, ஒரே நிமிஷம், போயிடாதே," என்று உள்ளே ஓடினார். வாளியில் வெந்நீர் பிடித்து, இரு கையாலும் தூக்கிக்கொண்டு, பனியில் சறுக்கிச் சறுக்கி வந்தார். வண்டிக்கும் அவருக்கும் நடுவே இரண்டடி இருக்கும்போது நோரீன் கியரைப் போட்டாள்.

சக்கரம் வாரியடித்த உப்புச்சேறு அவர் முகத்தில் விழுந்தது. உதட்டில் வழிந்ததைத் துடைக்கக் கை காலியாக இல்லை.