பதினெட்டும் ஆறும்

அம்சவல்லிக்குத் திமிர் ஜாஸ்தி என்று பிளாக் முழுக்கப் பேச்சு. இருக்கட்டுமே! நெய்வேலி வெயிலில் குவார்ட்டர்ஸ் கட்டக் கலவைச் சட்டி சுமந்து, ஒற்றை ஆளாய்ப் பெண் குழந்தையை வளர்க்கிறவளுக்கு இல்லாத திமிர் வேறு யாருக்கு இருக்க வேண்டும்?

அவள் புருஷன் துரைராஜ். அவனுடைய ரெண்டு காணி நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அவனுக்கு மைன்ஸில் வேலை கொடுத்தார்கள். வேலை பர்மனெண்ட் ஆயிற்று, குடித்தனம்தான் ஆகவில்லை. 1961-ல் இருவரும் பிரிந்தார்கள். யார் பேரில் தப்பு என்று கிளறினால் ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள், நமக்கு அது வேண்டாம். ஆறு வயது செல்லக்கிளி அம்மாவோடு இருந்தாள். அவளுக்கு அப்பன் என்ன கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

சுரங்கத்துக்குள் போன பழைய ஊரில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் பெண்டாட்டி தீர்த்துக்கொண்டால், அறுப்புக்கு அறுப்பு அப்பன் களத்திலிருந்து பிள்ளைக்கு நெல் அளந்து கொடுப்பார்கள். பிள்ளைக்குப் பத்து வயதானதும், அதுவரை அளந்தது யாரோ அவர்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அளக்க எந்தத் தாயிடம் நெல் இருந்தது? அதனால் பிள்ளைகள் எல்லாம் அப்பன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன. ஊரும் அதை நியாயம் என்றே நினைத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்தவர்கள் வந்து சேர்ந்த பிறகு பஞ்சாயத்து கூடியது. நாட்டாமை நல்லசாமியும் மைன்ஸில்தான் வேலை. காக்கிச் சட்டையோடே வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"நெலம் இருந்தா நெல்லு அளக்கச் சொல்லலாம். இப்ப நெலமே சொரங்கமாப் போயிடுச்சு. எதுலேருந்து அளக்கறது?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மாதா மாதம் சம்பளத்தில் அரிசி வாங்கித் தின்கிறவர்கள், குழந்தைச் சோறு என்றதும் களத்தைத் தேடினார்கள். எனக்கு இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்சவல்லி எழுந்தாள். "மாமா, நெலத்துக்குப் பதிலாத்தானே இவருக்கு வேலை வந்துது? நெலத்துல எம்பொண்ணுக்குச் சோறு இருந்துதுன்னா சம்பளத்துலயும் இருக்கணும். நீங்கல்லாம் இப்ப எதுலேருந்து சாப்பிட்டுகினு இருக்கறீங்க?"

நல்லசாமி சிரித்துவிட்டார். "அவ கேக்கறது வாஸ்தவந்தான்யா."

செல்லக்கிளியின் அரிசி, துணிமணி, பள்ளிக்கூடச் செலவு, காய்ச்சல் தலைவலி எல்லாம் சேர்த்து மாதம் இருபத்துநாலு ரூபாய் என்று முடிவாயிற்று. உடனே துரைராஜின் தாய் ராஜாம்பாள் எழுந்தாள்.

"இருவத்திநாலையும் நாங்களே குடுத்துடறோம். எம் பேத்திக்கு நாங்க அளக்காம வேற யாரு அளப்பாங்க?"

ஆஹா, என்ன பெரிய மனசு என்று கூட்டம் மெச்சியது. அம்சவல்லிக்குக் கணக்குப் புரிந்தது. முழுசும் அவர்கள் கொடுத்தால் இன்னும் நாலு வருஷத்தில் பிள்ளை அவர்கள் வீட்டுப் பிள்ளை.

"வேணாங்க அத்த. என் கூலியையும் சேத்துக் கணக்குப் போடுங்க."

"பைத்தியமாடி ஒனக்கு? கெடைக்கறதையும் கொறைச்சிக்குவாளா ஒருத்தி?"

"கொறையட்டும். நானும் சம்பாரிச்சிகினுதானே இருக்கறேன். நானும் அளக்கறேன்."

துரைராஜுக்கு மாதம் தொண்ணூறு ரூபாய். அவளுக்குக் காண்ட்ராக்டில் கூலி சேர்த்தால் முப்பது. அவன் மூன்று பங்கு, அவள் ஒரு பங்கு. இருபத்துநாலில் அவன் பதினெட்டு, அவள் ஆறு. ரெண்டு பேரும் அளப்பதால் பிள்ளையை யாரும் பிரித்துக் கொண்டுபோக முடியாது, ஆனால் யார் பங்கு ஒரு மாதம் தவறினாலும் அவர்களுக்குப் பாத்தியதை போய்விடும் என்று நல்லசாமி தீர்ப்புச் சொன்னார்.

அன்றுமுதல் சம்பளத்துக்கு மறுநாள் இருவரும் நல்லசாமி வீட்டுக்கு வருவார்கள். அவன் பதினெட்டு வைப்பான், அவள் ஆறு வைப்பாள். நல்லசாமி எண்ணிச் சேர்த்த பிறகு இருபத்துநாலையும் அவள் எடுத்துப் போவாள். தன் காசைத் தானே வைத்துத் தானே எடுக்கிற கூத்தைப் பார் என்று சிரித்தவர்கள் உண்டு. அவள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

செல்லக்கிளிக்குப் பத்து வயது முடிந்த மாதம் பார்த்துக் காண்ட்ராக்டு முடிந்துபோனது. கட்டட வேலை நின்றது, கையில் காலணா இல்லை. கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வரும்? அந்த மாதம் ராஜாம்பாளும் மகனோடு நல்லசாமி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். வெயில் சாயும்வரை அம்சவல்லியைக் காணோம்.

துரைராஜ் பையிலிருந்து இன்னொரு ஆறு ரூபாய் எடுத்தான். "அவ பங்கையும் நானே வெச்சிடறேன்." அவன் இரக்கத்தில் சொன்னானோ, கணக்காகச் சொன்னானோ, அது அவனுக்கே வெளிச்சம்.

"கைய எடுங்க."

வாசலில் அம்சவல்லி நின்றாள். ஒரு வாரமாக மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு வெட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் காசைச் செலவழிக்காமல் நடந்தே வந்திருந்தாள். கரும்புச் சோகை அறுத்து ரெண்டு கையும் கோடு கோடாய்ச் சிவந்திருந்தன. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நோட்டும் சில்லறையுமாய் ஆறு ரூபாயை அவன் பதினெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்க மாமா."

நல்லசாமி எண்ணினார். துரைராஜ் தன் ஆறு ரூபாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

ராஜாம்பாள் மருமகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாடா தொரை, வூட்டுக்குப் போவலாம். எம் பேத்தி அவ அம்மாகிட்டயே வளரட்டும். இவள மாதிரி வளரட்டும்."