குழாயில் திணித்த மூட்டை

அறிவியல் டீச்சருக்கு ஊர் வைத்த பெயர் சேற்று டீச்சர். பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் மாதம் ஒருமுறை மாணவர்களோடு இறங்கிக் குப்பை அள்ளுவார். எந்தப் பிள்ளையும் அடிபடாமல் வீடு சேர வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய பிடிவாதம். வேலை முடிந்ததும் எல்லோரும் கையை நீட்ட வேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் டீச்சருக்கு அன்று சோறு இறங்காது.

அன்றைக்கு இரும்புப் பல் வைத்த குப்பைவாரியும் மண்வெட்டியுமாகப் பத்தாம் வகுப்பு இறங்கியிருந்தது. மேலே சாயப் பட்டறைக் குழாய் சிவப்பாகக் கொட்டிக்கொண்டே இருந்ததில் பிள்ளைகளுக்குக் கால் எரிந்தது. டீச்சர் மறுகரையில் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அள்ளிய குப்பையையே மூட்டையாகக் கட்டிக் குழாய் வாயில் திணித்துவிட்டார்கள். யோசனை வகுப்புத் தலைவியுடையது. சுத்தம் செய்ய வந்தவர்களுக்கு அதுவும் சுத்தமான வேலையாகவே பட்டது.

சாயத்தண்ணீர் திரும்பிப் பட்டறைக்குள் ஏறியது. இரும்புக் கம்பியோடு இறங்கி வந்தார் முதலாளி. டீச்சரின் அக்கா புருஷன்தான்.

"எந்த நாய் அடைச்சது?"

"மாமா, பிள்ளைங்க தெரியாம செஞ்சிட்டாங்க. நானே எடுத்து விடுறேன்."

"பாடமெல்லாம் பள்ளிக்கூடத்துல நடத்து. தள்ளு!"

மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற தலைவியை நோக்கிக் கம்பியை ஓங்கினார். டீச்சர் குறுக்கே பாய்ந்தார். தோளெலும்பு முறிந்த சத்தம் கரைவரை கேட்டது.

அவ்வளவுதான். பிள்ளைகள் முதலாளியைச் சேற்றில் தள்ளி வாரியால் அடித்தார்கள். உதடு கிழிந்தது, காதோரம் பிளந்தது. "இன்னொண்ணு போடுடா!" என்று ஒருவன் சிரித்தான். டீச்சரை உலுக்கியது ரத்தம் அல்ல, அந்தச் சிரிப்பு. கம்பியோடு வந்தவரின் முகத்தில்கூட அத்தனை சந்தோஷம் இருக்கவில்லை. டீச்சர் ஒரு கையை ஊன்றித் தவழ்ந்துபோய் மாமாவின்மேல் கவிழ்ந்து படுத்தார். தான் ஓங்கிய வாரியைத் தலைவியால் நிறுத்த முடியவில்லை. அதன் பற்கள் டீச்சரின் முதுகில் இறங்கின.

"ஐயோ, டீச்சர்!"

அடியிலிருந்து முதலாளி முனகினார்: "அடி வாங்கிக்கூட பிழைச்சிருப்பேன். நீ சேத்துல அமுக்கிக் கொல்லாத, எந்திரி."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் எழுந்து ஒற்றைக் கையால் மூட்டையைப் பிடுங்கினார். தேங்கியிருந்த சாயம் பீறிட்டு எல்லோரையும் முழங்கால்வரை நனைத்தது.

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் கையை நீட்டினார்கள். தலைவி மட்டும் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"காட்டு."

"வேணாம் டீச்சர்."

டீச்சர் இழுத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"வீட்டுக்குப் போ," என்றார். அன்றும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.