கடைசியாகச் சிலுவையை முத்தி செய்தவர்

அடக்கப் பூசையில் பேசிய எல்லோரும் ஒரே புகழைத்தான் சொன்னார்கள்: மரியபுஷ்பம் டீச்சர் தம் வாழ்நாளில் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அது உண்மையல்ல. சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்று கேட்டவள் நான். இறந்தவரைப் பற்றி நம் பங்கு மடலில் இப்படி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முழுவதும் படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

பீடத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை போன் செய்தார். "டீச்சர் போய்ட்டாங்கம்மா" என்றார். எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பங்கில் ஆசிரியைகள் பலர் உண்டு. டீச்சர் என்றால் ஒருவர்தான். கையிலிருந்த துணியை மடித்து முடித்த பிறகே உட்கார்ந்தேன். கான்வென்ட்டில் படித்த என்னையே ஒரு சுருக்கத்துக்காகத் திரும்ப இஸ்திரி போட வைத்தவர் அவர்.

கோயிலில் பாடல், மறைக்கல்வி, காணிக்கைப் பவனி மூன்றும் அவர் பொறுப்பில் இருந்தன. பவனிக்குக் கோணலாக நிற்கும் சிறுமிகளிடம், "கண்ணு, ஆண்டவருக்கு முன்னால நிக்கறே, காப்பிச் செடிக்கு முன்னால இல்லே" என்பார். சிரித்துக்கொண்டே நிமிர்வார்கள்.

காப்பிப் பழம் எடுக்கும் பருவத்தில் ஒரு ஞாயிறு, முதல் அறுவடையைக் காணிக்கையாக எடுத்துச் செல்லும் பூசை. எஸ்டேட் தொழிலாளர் சார்பில் கூடை சுமக்க வேண்டியவர் கிளியூர் சவரிமுத்து. அதுவரை நன்றாகக் குடித்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்தத் திருவருகைக் காலத்தில்தான் விட்டிருந்தார். அன்று பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரம் விடிய விடிய ஓடியதால் வேலையிலிருந்து நேரே வந்து வரிசையில் நின்றார். டீச்சர் அவரருகே போனார், மூக்கைச் சுளித்தார், பாட்டு நடத்தும் அதே குரலில், "குடிச்சுப்போட்டு ஆண்டவர் காணிக்கையைத் தொடாதே. வெளியே போ" என்றார். கோயில் முழுக்கக் கேட்டது. சவரிமுத்து கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

பூசை முடிந்து நாங்கள் இருவரும் நடந்து வந்தோம். வளைவில் எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றது. அதன் பின்னால் ஈரச் சாக்குகள். அவற்றிலிருந்து சவரிமுத்துவிடம் அடித்த அதே நெடி வந்தது. பழத்தோலும் கொட்டையும் தொட்டியில் ஊறிப் புளித்தால் சாராயம் போலவே நாறும். மலையில் பிறந்தவர்களே ஏமாறுவார்கள். டீச்சர் சாக்கின்மேல் கை வைத்தார். கையை முகர்ந்தார். அப்படியே சாலையோரம் நின்று அழுதார்.

யாருக்கும் வரக்கூடிய தவறுதான், அவரும் குடித்தவர்தானே என்று ஆறுதல் சொன்னேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மனுசனுக்காக அழுதேன்னு நெனச்சீங்களா அம்மிணி? என் பேரு போச்சேன்னுதானுங்க அழுதேன். இந்த அழுகை ஆண்டவருக்கு ஆகாது. அந்த மனுசனை நெனச்சு அழுதா காலு சும்மா நிக்காது."

அவர் வீட்டுக்குப் போகவில்லை, கிளியூருக்கு நடந்தார். சவரிமுத்துவின் மனைவி அவரை வாசலிலேயே நிறுத்தி, கோயிலில் வைத்துச் சொன்னதற்கு வீட்டில் வைத்து மன்னிப்பா என்று கேட்டாராம். நியாயம்தான் என்று டீச்சர் திரும்பிவிட்டார். அடுத்த ஞாயிறு, கோயிலில் அதே இடத்தில், அதே குரலில், தாம் சொன்னது பொய் என்றும், நல்லவர் ஒருவரை ஆண்டவர் வீட்டிலிருந்து துரத்தியது தாம்தான் என்றும் எல்லோரும் கேட்கச் சொன்னார். நெடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சாக்காகச் சொல்லவில்லை. சவரிமுத்து அவர் முன்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு சோப்புப் போட்டுக் குளிச்சிருக்கேனுங்க டீச்சர். வேணும்னா மோந்து பாருங்க."

கோயிலே சிரித்தது. டீச்சரும் சிரித்தார், கண்ணீரோடு. நான் எத்தனையோ தியானப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். பாவத்துக்காக வருந்துவது என்றால் என்ன என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் இத்தனை சிறியவராக நிற்கும்போது இத்தனை பெரியவராகத் தெரிவது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யப் பெண்கள் வரிசையில் வழக்கமாக நிற்கும் முதலிடத்தில் அவர் இல்லை. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் போய் முடித்த பிறகு, கடைசி ஆளாக வந்தார். சாகும்வரை அப்படித்தான். முழங்கால் வலி என்று நினைத்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த முழங்கால்களோடு அவர் செம்மநத்தம் கிராமம் வரை நோயாளிகளைப் பார்க்க நடந்தவர்.

சேலம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, கல்லறையில் தம் பேருக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று என்னிடம் சொன்னார். "'மன்னிக்கப்பட்டவள்'னு ஒத்தைச் சொல்லு போதுமுங்க அம்மிணி." ஆனால் பங்குப் பேரவையினர், 'கடுஞ்சொல் அறியாத கனிமொழியாள்' என்று சலவைக் கல்லில் வெட்டத் தீர்மானித்திருப்பதாக அடக்கத்தன்று அறிவித்தார்கள்.

அப்போது சவரிமுத்து குழியருகே ஒதுங்கி நின்றிருந்தார். இப்போது அவருக்கும் நரைத்துவிட்டது. மண் போட வாருங்கள் என்று அழைத்தேன். எல்லோரும் போடட்டும், டீச்சருக்காகத் தாம் கடைசியில் போடுவதாகச் சொன்னார். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார்:

"ஏனுங்கம்மா, அவங்க கடுஞ்சொல்லே சொன்னதில்லீன்னா, அன்னைக்கு எங்கிட்ட எதுக்குங்க மன்னிப்புக் கேட்டாங்க?"

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, சாக்கை முகர்ந்த அந்தக் கையும் கிளியூருக்கு நடந்த அந்தக் கால்களும்தான். வரிசையின் கடைசியில் அவர் இடம் காலியாக இருக்கிறது. அதில் நிற்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

கல் இன்னும் வெட்டப்படவில்லை என்று கேள்விப்படுகிறேன். சவரிமுத்துவின் கேள்வியைப் பங்குப் பேரவையினர் முன் வைக்கிறேன். டீச்சர் கேட்ட சொல்லைத்தான் வெட்டுவீர்களா, இல்லையா? பதிலை எழுத்தில் தாருங்கள். சவரிமுத்துவுக்கு நான் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.