துளசி கொண்டுவந்த கல்

போன ஞாயிறு ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. காலமானவர் என் நண்பர் யோகன். திடீர் மாரடைப்பு... போகிற வயதே இல்லை.

யோகனுக்கு ஒரே பிள்ளை, துளசி. தொழிற்கல்லூரியில் மருந்தக உதவியாளர் படிப்பை முடித்தவள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலையும் தயார். அவளோ இன்னொரு பரீட்சை எழுதி, யூனிவர்சிட்டிக்கு மாறிவிட்டாள். என்ன பாடம்? புவி விஞ்ஞானம்!

அன்று யோகன் ஃபோனில் கத்தியது இன்னும் என் காதில் நிற்கிறது.

"கல்லுப் பொறுக்கவோ அண்ணை, இவளை இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிச்சனான்?"

அதற்காக மகளைக் கைவிட்டுவிடவில்லை. தினமும் காலையில் ஸ்டேஷனுக்குக் காரில் கொண்டுபோய் விடுவான். "சாப்பிட்டியோ? குளிருக்கு ஜக்கெட் போட்டியோ?" எல்லாம் கேட்பான். படிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். முதல் களப்பயணத்தில் எடுத்த கல்லை ஆசையாக அவனிடம் நீட்டியிருக்கிறாள். வாங்கி, பார்க்காமலே கார் டிக்கியில் போட்டுவிட்டானாம்.

"ஒருநாளைக்கு அப்பா கேப்பார், மாமா. அதுவரைக்கும் நான் பொறுப்பன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள் பிள்ளை.

அந்தியேட்டிக்கு வருவோம். தர்ப்பை, எள்ளு, பால், வாழையிலை – எல்லாம் வந்திருந்தது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"கல்லு எங்கை?"

இறந்தவரை எழுந்தருளச் செய்கிற கல். அது இல்லாமல் கிரியை ஏது? ஆளை ஆள் பார்த்தோம். மற்றவர் கொண்டுவருவார் என்று எல்லோரும் இருந்துவிட்டோம்! மண்டபத்துக்கு வெளியே ஓடிப் பார்த்தால் கார் பார்க் முழுக்கத் தார். எங்கே போய்க் கல் தேடுவது?

துளசி அப்பாவின் காருக்குப் போனாள். டிக்கியைத் திறந்தாள். அந்தக் கல் அங்கேயே கிடந்தது. கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

ஐயர் மந்திரம் சொல்லி யோகனை அதில் எழுந்தருளச் செய்தார். துளசி பால் ஊற்றினாள். பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது கல். ஐயருக்கே ஆவல் தாங்கவில்லை.

"இது என்ன கல்லு பிள்ளை?"

அவள் கை அப்படியே நின்றது.

"மணல்கல்லு ஐயா. இஞ்சை ஒரு காலத்திலை பெரிய ஆறு ஓடினது. அந்த ஆத்து மணல்தான் அமந்து அமந்து இப்பிடிக் கல்லாப் போச்சுது..." அதற்கு மேல் அவளால் ஏலவில்லை. விம்மி விம்மி அழுதாள்.

பாஸா, வேலை கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு – பிள்ளைகளிடம் நாம் கேட்காத கேள்வியா? 'நீ என்ன படிக்கிறாய், எனக்கும் சொல்லேன்' என்று கேட்க மட்டும் ஏனோ நமக்கு வாய் வருவதில்லை.

கேட்டிருக்க வேண்டியவன் அந்தக் கல்லுக்குள் இருந்தான்.